காந்தம் ஒட்டாத சஸி: திருகோணமலையில் ஒரு பழைய லாண்ட் றோவர் வாங்கிய பதிவு

நிலாவெளியில் பார்த்த முதல் ஜீப் கலியாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. புதிதாக அடித்த பச்சைப் பெயின்ட், வெள்ளைச் சில்லுகள், பொனட்டுக்கு மேலே ஸ்பெயார் டயர், முன்பக்கம் தேசிக்காயும் மிளகாயும் கோத்த கயிறு. நான் அந்த இடத்திலேயே பணத்தை எண்ணத் தயாராகிவிட்டேன்.

கூட வந்த நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இப்படித்தான் கூப்பிடுவோம்) கிண்ணியாக்காரர். வாழ்க்கையில் பாதியைக் கராஜிலேயே கழித்தவர். அவர் பொனட்டைத் திறக்கச் சொல்லவே இல்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு சாக்கை விரித்து, பின்பக்கத்தால் அடியில் புகுந்தார். கையில் ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பழைய திருப்புளி, உடைந்த ஸ்பீக்கரில் இருந்து கழற்றின காந்தம். அதற்கு முன் நான் அந்தக் காந்தத்தைக் கதவில் வைத்துப் பார்த்து, ஒட்டவில்லையே என்று பதறியதும் நடந்தது. "அது அலுமினியம் தம்பி, ஒட்டாது. ஒட்ட வேண்டிய இடம் கீழ இருக்கு" என்றார்.

கீழே டொக், டொக், டிங், டிங் என்று கொஞ்ச நேரம் சத்தம் வந்தது. பிறகு சத்தம் மாறியது. பூசணிக்காயைத் தட்டுகிற மாதிரி ஒரு மந்தமான ஒலி. "இங்க வாங்க" என்றார். நானும் சாக்கில் படுத்தேன். பின் வில்லுப் பட்டை சஸியில், அதாவது ஜீப்பைத் தாங்கும் அடிச்சட்டத்தில், தொங்குகிற இடத்துக்குச் சற்று முன்னால், தடிப்பான கறுப்புத் தார்ப் பெயின்ட். காந்தத்தை வைத்தார், விழுந்தது. நாலு விரல் தள்ளி வைத்தார், கப்பென்று பிடித்தது. திரும்ப அந்த இடத்தில் வைத்தார், விழுந்தது. திருப்புளியால் சுரண்டினால், கறுப்புக்குக் கீழே வெள்ளையாக நார் நாராக வருகிறது. வள்ளம் ஒட்டுகிற பைபர்! நிலாவெளிக் கரையில் ஓட்டை வள்ளத்துக்குப் பாயை வைத்து ரெசின் பூசத் தெரியாத ஆள் இருக்க மாட்டார். யாரோ அதே கைவேலையை ஜீப்பின் முதுகெலும்பில் காட்டியிருக்கிறார்கள்.

"முந்தி வச்சிருந்த ஆள் செய்தது போல, எனக்குத் தெரியாது" என்றார் விற்பவர். நானா எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "வள்ளம் மிதந்தாப் போதும். இது ஓடணுமே."

லாண்ட் றோவர் வாங்க நினைக்கிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லாண்ட் றோவர் வெளிவந்தபோது, போர் முடிந்த இங்கிலாந்தில் இரும்புத் தகடு பங்கீட்டில் இருந்தது. அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. அதனால் உடம்பை அலுமினியக் கலப்புத் தகட்டில் செய்தார்கள். சஸி இரும்பு. நாலு தகடுகளை நீளத்துக்குப் பொருத்தி ஒட்டிய பெட்டி மாதிரி அது, தகட்டின் கனம் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர். உள்ளே போன மண்ணும் தண்ணீரும் அங்கேயே தங்கிவிடும். ஆகவே அது உள்ளிருந்து வெளியே உக்கும். வெளியில் கறள் தெரியும் நேரம் உள்ளே கதை முடிந்திருக்கும். மேலேயோ அலுமினியம், ஐம்பது வருடம் போனாலும் ஒரு பெயின்ட் அடித்தால் இளந்தாரி.

அதிலும் எங்கள் ஊரில் கேட்கவே வேண்டாம். நான் இருக்கிற இடத்தின் பெயரே உவர்மலை. ஜன்னல் கம்பி மூன்று வருடம் தாங்காது. கடற்கரை ஜீப்புகளோ வள்ளம் இழுக்கப் பின்பக்கத்தால் தண்ணீருக்குள் போய் வருபவை. பின் குறுக்குச் சட்டம், பின் டிபரன்ஷியல் (இடது, வலது சில்லுகளை வேறு வேறு வேகத்தில் சுழல விடும் கியர்), பின் பிரேக் மூன்றும் தினம் கடலில் குளிக்கும். இந்த ஜீப்பின் பின் டிபரன்ஷியல் ஒயிலை ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தோம். பால் தேத்தண்ணி நிறம், தண்ணீர் கலந்த அடையாளம். அலுமினியத் தகடு இரும்புச் சட்டத்தில் முட்டுகிற மூலைகளில் பெயின்ட் கொப்புளித்து, உள்ளே வெள்ளைப் பொடி. உப்புத் தண்ணீர் இடையில் புகுந்தால் இந்த இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு பற்றரி மாதிரி வேலை செய்யும். தின்னப்படுவது முதலில் அலுமினியம். 2004 சுனாமியில் மூழ்கி எழும்பிய வாகனங்களும் இந்தக் கரை முழுக்கக் கைமாறித்தான் இருக்கின்றன. சீற்றுக்குக் கீழே உள்ள பெட்டியிலும் டாஷ்போர்டுக்குப் பின்னாலும் விரலை விட்டுத் துழாவிப் பாருங்கள். அங்கே மெல்லிய கடல் மணல் இருந்தால், அது சுற்றுலாப் போனபோது காற்றில் வந்தது என்று யாராவது சொல்வார்கள். கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

மிச்சக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1965 மாடல் என்று சொன்னார்கள், ஆனால் மீற்றர்கள் ஓட்டுநருக்கு நேரே இருந்தன, முன் கிறில் பிளாஸ்ரிக். இரண்டும் 1971 இல் வந்த சீரீஸ் 3 இன் அடையாளம். அதற்கு முந்தியவற்றில் மீற்றர்கள் டாஷின் நடுவில், கிறில் கம்பி வலை. சஸி இலக்கம் வலது முன் வில்லுப் பட்டையின் தொங்கலில் வெட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த இடத்தில் தாராளமாக வெல்டிங். எஞ்சின் ஜப்பான் டீசல். அது ஒரு குறை இல்லை, பாதி இலங்கை அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் வாகனப் பதிவுப் புத்தகத்தில் இன்னும் பழைய எஞ்சின் இலக்கம். புத்தகத்தில் பெயர் ஒருவருடையது, பெயர் மாற்றாமலே கைமாற்றும் ஓப்பன் பேப்பரில் கையெழுத்து இன்னொருவருடையது, விற்பவர் மூன்றாமவர். இதற்கெல்லாம் மேலே, முன் சில்லுகளுக்கு விசையைக் கொண்டுபோகும் முன் புரொப்பெல்லர் ஷாப்டையே காணவில்லை. டீசல் மிச்சம் பிடிக்கக் கழற்றி வைத்தார்களாம். நாலு சில்லு இழுக்கும் ஜீப் என்று விலை சொன்னது இரண்டு சில்லு இழுக்கும் ஜீப்புக்கு.

விலை? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 இல்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய இரும்புக்கெல்லாம் தங்க விலை வந்தது. திறந்த பிறகும் சொல்கிறவர்களின் வாய் இறங்கவில்லை. ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய இலக்கத் தகடு இருந்தால் இன்னும் ஒரு தனி விலை. 1950களின் கடைசியில் அந்தச் சிங்கள ஸ்ரீ எழுத்தைத் திணிக்கிறார்கள் என்று அதற்குத் தார் பூசிச் சிறைக்குப் போன ஊர்களில், இன்று "அண்ணை, ஒறிஜினல் ஸ்ரீ பிளேட்" என்று சொல்லிக் காசு கூட்டிக் கேட்கிறார்கள். என் அப்பப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாவது ஜீப் தம்பலகாமத்தில், ஒரு வயற்கார ஐயா வீட்டு மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 109 அங்குலமான சீரீஸ் 2ஏ (சீரீஸ் 3 க்கு முந்திய ரகம்), பின்பக்கம் திறந்த பெட்டி, 2286 சி.சி. டீசல், கழற்றாத பழைய எஞ்சின். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. கதவு ஒன்று நீலம், மற்றது சாம்பல். பின் பெட்டியில் வைக்கோலுக்குள் ஒரு கோழி அடையில் இருந்தது. 2022 இல் டீசல் வரிசையில் இரண்டு நாள் நின்றுவிட்டு வந்து நிப்பாட்டியதுதான், அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுவதோடு சரி என்றார் ஐயா. புத்தகத்தில் அவருடைய பெயரே இருந்தது. வாங்கிய காலம் தொட்டு நெல் மூட்டை, உரம், ஆலை, வயல். கடற்கரைக்குப் போனதா என்று நானா கேட்டார். "கோணேசருக்குத் தேர் பாக்கப் போயிருக்கு. மற்றபடி கடலில இதுக்கு என்ன வேலை?"

நானா சாக்கை விரித்தார்.

இந்தத் தடவை நானும் கூடவே படுத்தேன். சஸி முழுக்க வயல் சேறு காய்ந்து ஓடாக இருந்தது. அதை உடைத்துக் கழற்றினால் உள்ளே பழைய கறுப்புப் பெயின்ட் அப்படியே. இதுதான் நல்ல சகுனம். புதுக் கறுப்பு அடித்த சஸியைக் கண்டால்தான் பயப்பட வேண்டும். முன் கொம்பிலிருந்து பின் குறுக்குச் சட்டம் வரை ஒரு சாணுக்கு ஒரு தட்டு. டிங், டிங், டிங். காந்தம் எங்கும் விழவில்லை. இடது பக்கம் கதவுத் தூணைத் தாங்குகிற கைமரத்தில் மட்டும் திருப்புளி உள்ளே போய்விட்டது. அதற்கு மேலே கால் வைக்கும் பள்ளத்திலும் ஓட்டை. தரைவிரிப்பைத் தூக்கினால் நிலம் தெரிகிறது. "இது தகடு வெட்டி ஒட்டுற வேலை. முதுகு நல்லாருக்கு" என்றார் நானா.

எஞ்சினுக்கு வந்தோம். இந்தப் பழைய டீசலில் சூடாக்கும் பிளக்குகள் நாலும் மாலை கோத்த மாதிரி ஒரே வரிசையில் இணைக்கப்பட்டவை. ஒன்று செத்தால் நாலும் வேலை செய்யாது. குளிர்ந்த நுவரெலியாவில் என்றால் முதல் நாளே தெரிந்திருக்கும். தம்பலகாமத்து வெயிலில் அது செத்து எத்தனை வருடமோ, யாருக்கும் தெரியவில்லை. நானா டீசல் நிறுத்தும் கம்பியை வெளியே இழுத்து வைத்துவிட்டு, முன்பக்கத்தால் ஹாண்டிலைப் போட்டு எஞ்சினை மெதுவாகச் சுற்றினார். 23 மடங்கு அமுக்கம் உள்ள எஞ்சின், லேசில் சுற்றாது. பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்க வேண்டும். திருப்பி அடித்தால் கை போய்விடும். இரண்டு முழுச் சுற்றுக்கு நாலு இடத்தில் முட்டியது. நாலும் ஒரே முட்டு, அதாவது நாலு சிலிண்டரிலும் அமுக்கம் சமம். எனக்கு அதன் அருமை அப்போது புரியவில்லை, நானாவின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

பிறகு ஸ்டார்ட். முதலில் ஒரு வெள்ளை மேகம், கோழி மட்டும் அசையவில்லை. சூடானதும் புகை மெலிந்தது. ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து மேலே கையை வைத்துப் பார்த்தோம். மூச்சு வந்தது, ஆனால் குறட்டை இல்லை. அங்கே புசுபுசு என்று தள்ளினால் பிஸ்டன் வளையங்கள் போய்விட்டன என்று அர்த்தம். றேடியேற்றர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. எஞ்சினின் அடியெல்லாம் ஒயில் பிசுக்கு. அதைப் பற்றி நானா கவலைப்படவில்லை. ஒயில் கசியாத பழைய லாண்ட் றோவரைக் கண்டால் உள்ளே ஒயில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்.

ஓட்டிப் பார்த்தபோது முதலாம், இரண்டாம் கியர்கள் கரகரத்தன. நான் முகத்தைச் சுளித்தேன். சீரீஸ் 2ஏ இல் மூன்றாம், நாலாம் கியர்களுக்கு மட்டும்தான் கரகரப்பில்லாமல் கியர் விழ வைக்கும் சிங்க்ரோ; கீழுக்கு மாற்றும்போது கிளச்சை இரண்டு தரம் மிதிக்க வேண்டும். குறை என்னுடையது. உண்மையான சோதனை வேறு: இரண்டாம் கியரில் வேகமெடுத்துச் சட்டென்று காலை எடுங்கள். கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் கியர்ப் பெட்டி திறக்க வேண்டிய செலவு. வாய்க்கால் கரையில் நாலைந்து தடவை செய்தோம், துள்ளவில்லை.

மஞ்சள் குமிழை அமுக்கினால் முன் சில்லுகளும் இழுக்க வேண்டும். அது அசைய மறுத்தது. வருடக்கணக்கில் யாரும் தொடவில்லை. கம்பி மூட்டுகளுக்கு ஒயில் விட்டு, அரை மணித்தியாலம் தட்டித் தட்டி இறக்கினோம். இறங்கியதும் எஞ்சினை நிப்பாட்டி, கியரில் போட்டு, ஒரு முன் சில்லை ஜக்கில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தார் நானா. சுற்றவில்லை. சுற்றியிருந்தால் முன் அச்சில் ஏதோ உடைந்திருக்கிறது அல்லது காணாமல் போயிருக்கிறது. பிறகு சேற்று வயலுக்குள் இறக்கினோம். இதைத் தார் ரோட்டில் செய்யாதீர்கள். இந்த ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் டிபரன்ஷியல் கிடையாது. வளைவில் சில்லுகள் வழுக்க இடமில்லாமல் போனால் முறுக்கம் முழுவதும் அச்சுகளில் ஏறும், இந்தப் பழைய பின் அச்சுகள் அதைத் தாங்கும் ரகமில்லை.

பிரேக் பேச்சுக்கு இருந்தது. மூன்று வருடம் நின்றதில் சில்லுச் சிலிண்டர்கள் இறுகிவிட்டன. முன் சில்லுகளுக்குப் பின்னால், அவை திரும்புவதற்காக இருக்கும் குரோம் உருண்டைகளில் வலப்பக்கத்தது அம்மைத் தழும்பு மாதிரி பள்ளம் விழுந்து ஒயில் வடிந்தது. ஸ்டியரிங்கை மூன்று விரல் அளவு சும்மா ஆட்டலாம். கைமரம், கால் பள்ளம், பிரேக், உருண்டை, பிளக் என்று நானா ஒவ்வொன்றாக விரல் மடித்துச் சொல்ல, ஐயா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, கடைசியில் கொஞ்சம் குறைத்தார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: கோழி குஞ்சு பொரிக்கும் வரை ஜீப்பை எடுக்கக் கூடாது. இன்னும் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரங்களை எடுத்து, சஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிட்டு, உரிமை மாற்றப் படிவத்தில் ஐயாவின் கையெழுத்தையும் வாங்கினேன். ஒன்பது குஞ்சுகள்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். இதை வாசித்து யாராவது ஒருவரின் கால் தப்பினால் நல்லது. பிரேக் வேலைக்காகப் பின் இடது சில்லை ஜக்கில் தூக்கினேன். ஹாண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துத்தான் வைத்திருந்தேன். சில்லைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, ஸ்பானர் எடுக்க இரண்டு அடி திரும்பியிருப்பேன். ஜீப் சத்தமே இல்லாமல் சரிவில் உருள ஆரம்பித்து, ஜக் சரிந்து, பிரேக் டிரம் மண்ணில் குத்தி நின்றது. என் கை அங்கே இருந்திருந்தால் இந்தப் பதிவை ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டிருப்பேன்.

ஓடி வந்த நானா முதலில் என்னைப் பார்த்தார், பிறகு டிரம்மைப் பார்த்தார். "ஹாண்ட் பிரேக் சில்லுல இருக்கெண்டா நினைச்சீங்க?" சீரீஸ் லாண்ட் றோவரில் அது சில்லுகளில் இல்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னால், பின் புரொப்பெல்லர் ஷாப்ட் தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு டிரம். ஷாப்டைத்தான் அது பிடிக்கும். பின் சில்லு ஒன்றைத் தூக்கினால், ஷாப்ட் பிடிபட்டிருந்தாலும் டிபரன்ஷியல் வழியாகத் தூக்கிய பக்கம் ஒரு திசையில் சுழல, தரையில் உள்ள சில்லு மறுதிசையில் சுழன்று வாகனம் போய்விடும். ஆகவே தூக்குவதற்கு முன் மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல். மரக்கட்டை போதாது, கல்.

அந்த டிரம்மைத் திறந்து பார்த்தபோது அடுத்த விளக்கமும் கிடைத்தது. விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்பர் பெட்டியின் பின் ஒயில் சீல் கிழிந்து, பிரேக் சூ இரண்டும் ஒயிலில் ஊறிக் கிடந்தன. சீலும் சூவும் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைத்தன. இங்கிலாந்தில் இதே சஸியைத் துத்தநாகம் பூசிப் புதிதாகச் செய்து விற்கிறார்கள், ஆனால் அதை இறக்கும் செலவுக்கு நான் ஜீப்பை அல்ல, வீட்டைத்தான் விற்க வேண்டும். கைமரத்துக்கு நாங்களே 2 மில்லிமீற்றர் தகட்டைப் பெட்டியாக மடித்தோம். டீசல் டாங்கைக் கழற்றி, பற்றரி வயர் இரண்டையும் எடுத்துவிட்டுத்தான் வெல்டிங் தொட்டோம். கழற்றிய டாங்கின் அடியில் மூன்று வருடத்துச் சேறு ஒரு சிரட்டை அளவு வந்தது. அதோடு ஓட்டியிருந்தால் டீசல் பம்ப் போயிருக்கும்.

உள்பக்கம் பூச நானா சொன்ன வைத்தியம் பழைய எஞ்சின் ஒயிலும் கிறீசும் காய்ச்சிய கலவை. சஸியின் ஓட்டைகள் வழியாகப் பம்பினால் விசிறி அடித்தோம். இரண்டு நாள் முற்றம் முழுக்க ஒயில் நாற்றம், அம்மா பேசவில்லை. தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் கம்பியால் குத்தித் திறந்து விட்டோம். அவை அடைபட்டால் பூசியும் பயனில்லை.

போன சனிக்கிழமை உவர்மலைச் சரிவில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹாண்ட் பிரேக்கை மட்டும் இழுத்துவிட்டு இறங்கிப் பார்த்தேன். நின்றது. பின் சில்லுக்கு ஒரு கல்லும் வைத்தேன். வலப்பக்க உருண்டையின் பள்ளங்களை எப்பொக்சியால் நிரப்பித் தேய்த்தும் இன்னும் சொட்டுகிறது, அதற்குக் கீழே ஒரு பால்மா டின் இருக்கிறது. பிளக்குகள் நாலும் இன்னும் செத்தபடியேதான், மாரி தொடங்கட்டும் பார்ப்போம். பின் பெட்டியில் வைக்கோல் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதைக் கூட்டி அள்ளும்போது பொரிக்காத ஒரு முட்டை உருண்டு வந்தது.